பனிக்காலத்தில் வீட்டுக்குள் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் இது எனக்கு இருபத்திரண்டாவது குளிர்காலம். பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை காத்திருக்கும் பெற்றோரும், கோவில் மண்டபத்தில் பந்தியில் பக்கத்தில் அமர்பவர்களும் ஒவ்வொரு கார்த்திகையிலும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். ரொறன்ரோவையும் அதன் அயலையும் மனத்தில் வைத்து எழுதியது இது. வின்னிபெக்கிலும் எட்மன்ரனிலும் இருப்பவர்கள் குளிரைச் சற்றுக் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

இது எங்களுக்கு முதல் குளிர்காலம். நாலு மாதமும் வீட்டுக்குள் இருந்து என்னதான் செய்வது?

நாலு மாதமும் பூட்டிய வீட்டில் இருக்க வேண்டியதில்லை. நல்ல சப்பாத்தும் மேலங்கியும் இருந்தால் பெரும்பாலான நாள்களில் வெளியே நடக்கலாம். உண்மையில் வீட்டுக்குள் அடைத்து வைப்பது குளிரைவிட இருட்டுத்தான். டிசெம்பர் 21ஐ ஒட்டிய நாள்களில் சூரியன் காலை ஏழே முக்காலுக்குப் பிறகு எழுந்து, மாலை நாலே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடுகிறது. ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவான பகல் அது. வேலையும் பள்ளிக்கூடமும் முடிந்து வீடு திரும்பும்போது வெளியே இரவாகிவிடுவதால், நிரப்ப வேண்டியிருப்பது அந்த நீண்ட மாலைகளை மட்டுமே.

பொழுதுபோக்கைத் தெரிவு செய்வதற்கு முன்னர் குளிர்கால வீட்டின் மூன்று குணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: காற்று மிகவும் உலர்ந்திருக்கும், வெளிச்சம் குறைவாக இருக்கும், யன்னல்கள் மாதக்கணக்கில் பூட்டியிருக்கும். ஊரில் முற்றத்திலும் விறாந்தையிலும் செய்த வேலையை அப்படியே இங்கே அறைக்குள் கொண்டுவந்து தோற்றுப்போனவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களில் எவருக்கும் கைத்திறன் குறைவில்லை; வீட்டின் காலநிலையைப் பார்க்காமல் தொடங்கியதுதான் பிழை. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இந்த மூன்றில் ஒன்றிடமே வந்து நிற்கும்.

எப்போது தொடங்க வேண்டும்? ஜனவரியில் தொடங்கினால் போதாதா?

நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் வைக்கிறோம் அல்லவா, அந்தக் கிழமையில் தொடங்குவது நல்லது. மாலை திடீரென்று சுருங்கும் அந்த நாள்களில் கையில் ஒரு வேலை இருந்தால் அது பழக்கமாகிவிடும். ஜனவரியில், கொண்டாட்டங்கள் எல்லாம் முடிந்து, குளிரும் கடுமையாகி, கதிரையை விட்டு எழும்பவே மனம் வராத நேரத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்குவது கடினம். பொருள்களையாவது முன்னதாக வாங்கி வைத்துவிடுங்கள். பனிப்புயல் நாளில் ஒரு நூலுருண்டைக்காகக் காரைக் கிளப்புவது புத்தியான காரியம் இல்லை.

காசு செலவழிக்காமல் தொடங்கக்கூடியது ஏதாவது உண்டா?

நூலக அட்டை எடுப்பதிலிருந்து தொடங்குங்கள். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன. நகரத்தில் வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம். தமிழ் நூல்களும் இரவல் எடுக்கலாம். பலருக்குத் தெரியாத செய்தி, சில கிளைகளில் கிற்றார், வயலின் போன்ற இசைக்கருவிகளையும் புத்தகம்போல் இரவல் கொடுக்கிறார்கள் என்பது. சில கிளைகளில் முப்பரிமாண அச்சுப்பொறியைப் பழகவும் வசதி உண்டு. பிள்ளைக்கு வயலின் பிடிக்குமா என்று தெரியாமல் நூற்றுக்கணக்கான டொலருக்கு வாங்கி, அதை அலுமாரிக்கு மேல் தூசிபடிய விடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். மார்க்கம், எஜக்ஸ் போன்ற இடங்களுக்குத் தனித்தனி நூலகங்கள் இருப்பதால் அங்கே உள்ளவர்கள் தங்கள் நகர நூலகத்தில் விசாரிக்க வேண்டும்.

எனக்குக் கைவேலை ஒன்றும் தெரியாது. கம்பளி பின்னப் பழகுவது கடினமா?

கடினமில்லை, ஆனால் முதல் இரண்டு மாலைகள் எரிச்சலூட்டும். நூலைத் தெரிவு செய்யும்போது உறையில் 4 என்ற எண் போட்ட நடுத்தரத் தடிப்புள்ள நூலையும், 5 மில்லிமீற்றர் ஊசியையும் வாங்குங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு அழகுதான், ஆனால் மாலை மின்விளக்கில் கறுப்பு நூலின் கண்ணிகள் தெரியாது. வெளிச்சக் குறைவு என்று மேலே சொன்னது இங்கேயும் வந்து நிற்கிறது. முப்பது கண்ணி போட்டு, எல்லா வரியையும் ஒரே வகைக் கண்ணியாகப் பின்னிக்கொண்டு போனால் கழுத்துச் சால்வை ஒன்று வளரும். ஒன்றரை மீற்றர் நீளம் வந்ததும் முடித்துவிடலாம்.

தொடக்கக்காரர் எல்லாரும் விடும் பிழை ஒன்றுதான்: வரியின் ஓரத்தில் தெரியாமல் ஒரு கண்ணியைக் கூட்டிவிடுவது அல்லது நழுவ விடுவது. நேராக இருக்க வேண்டிய சால்வை முக்கோணமாகிக்கொண்டு போகும். ஐந்து வரிக்கு ஒருமுறை கண்ணிகளை எண்ணுங்கள். உண்மையான ஆட்டுக் கம்பளியாக இருந்தால் வெந்நீரில் போட்டுச் சலவை இயந்திரத்தில் சுழற்றாதீர்கள். என் முதல் சால்வை அப்படித்தான் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கித் தடித்துப்போனது.

அம்மாவின் பழைய சேலைகள் பெட்டி நிறைய இருக்கின்றன. எறியவும் மனமில்லை, உடுக்கவும் ஆளில்லை. என்ன செய்யலாம்?

போர்வை தைக்கலாம். குளிர்காலத்துக்கென்றே பிறந்த வேலை இது, ஏனென்றால் தைக்கத் தைக்க அது மடியில் கிடந்து சூடு தருகிறது. சேலையின் நீளம் சுமார் ஐந்தரை மீற்றர். அதை மூன்றாக மடித்தால் 1.8 மீற்றர் நீளமும் 1.1 மீற்றர் அகலமும் கொண்ட மூன்று அடுக்குத் துணி கிடைக்கும்; ஒருவர் சோபாவில் சாய்ந்திருந்து போர்த்திக்கொள்ளச் சரியான அளவு. வெட்டவே தேவையில்லை. நன்றாகத் தோய்ந்து இளகிய நூல் சேலைதான் இதற்கு ஏற்றது. நைலக்ஸும் பட்டும் ஊசிக்கு அடியில் வழுக்கும். கஞ்சி போட்ட சேலையென்றால் முதலில் நன்றாக அலசிக் காயவையுங்கள்.

தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டு போய், ஒரு சாண் இடைவெளியில் குண்டூசி குத்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி தேங்கிப் புடைத்துக்கொள்ளும், அதைப் பிறகு எந்தத் தையலாலும் சரிப்படுத்த முடியாது. பின்னர் நீளவாக்கில், மூன்று சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக, அரிசி மணி நீளத்துக்குச் சாதாரண நூலோட்டத் தையல். வங்காளப் பெண்கள் பழைய சேலைகளில் தைக்கும் காந்தாவும் இந்தத் தையலில் பிறந்ததுதான். மொத்தம் முப்பத்தாறு கோடு வரும். ஒரு மாலைக்கு இரண்டு கோடு என்றால் பதினெட்டு மாலைகள். தையலை இறுக்கி இழுக்காமல் விட்டால், முதல் சலவைக்குப் பிறகு துணி மெல்லிய அலைகளாகச் சுருங்கி அழகாகும். சேலையின் கரை போர்வையின் இரு ஓரங்களிலும் தானாகவே வந்து அமையும். முந்தானை மேலே தெரியும்படி மடிப்பதா உள்ளே போகும்படி மடிப்பதா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. மேலே தெரிவதுதான் வென்றது.

போர்வைக்கு ஆகாத சேலையில் கதவடிக்கு ஒரு ‘சீலைப் பாம்பு’ தையுங்கள்: கதவின் அகலத்துக்கு ஒரு குழாய்த் துணி, உள்ளே கந்தல், பாரத்துக்கு இரண்டு பிடி அரிசி. வாசற்கதவின் கீழ் வரும் குளிர்காற்றை அது அப்படியே மறித்துவிடும்.

யன்னலால் குளிர் வருகிறது. வாடகை வீடு. வீட்டுக்காரரைக் கேட்காமல் நாங்களே ஏதாவது செய்யலாமா?

குத்தாமல், ஆணி அடிக்காமல், வசந்தத்தில் கழற்றிவிடக்கூடியதாகச் செய்தால் பொதுவாகச் சிக்கல் வராது. முதலில் காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். காற்று வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலையை விலக்கிவிட்டு, யன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாகக் கொண்டு போனால், புகை நேராக எழும்பாமல் வளையும் இடம்தான் ஓட்டை. அதை ஒட்டும் பஞ்சு நாடாவால் அடைக்கலாம்.

பழைய யன்னல் என்றால், கடைகளில் பொதியாக விற்கும் சுருங்கும் பிளாஸ்ரிக் தாளை வாங்குங்கள். சட்டத்தைச் சுற்றி இரட்டைப் பக்க நாடாவை ஒட்டி, தாளை அதில் பதித்து, தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டினால் தாள் விறைத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் அடைபடும் காற்றுத்தான் குளிரைத் தடுக்கிறது. சட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் நாடா மூன்றாம் நாளே கழன்றுவிடும், ஆகவே முதல் நாள் துடைத்து உலரவிட்டு மறுநாள் ஒட்டுங்கள். அவசரத்துக்கு வெளியேற வேண்டிய யன்னலை மட்டும் மூட வேண்டாம்.

உதடு வெடிக்கிறது, தோல் கடிக்கிறது, ஆனால் யன்னலில் தண்ணீர் வடிகிறது. வீட்டுக் காற்று உலர்ந்ததா, ஈரமானதா?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். குளிர்ந்த காற்றால் மிகக் குறைந்த நீராவியைத்தான் தாங்க முடியும். சைபருக்குக் கீழே 10 பாகையில் நீராவி நிறைந்திருக்கும் காற்றுக்கூட, உள்ளே வந்து 21 பாகைக்குச் சூடானதும் சுமார் 11 விழுக்காடு ஈரப்பதன் கொண்டதாக ஆகிவிடுகிறது. சமையலும் குளியலும் நம் மூச்சும் அதைச் சற்று உயர்த்துகின்றன. அந்தக் கொஞ்ச ஈரமும் மிகக் குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் துளியாகிறது.

பத்துப் பதினைந்து டொலருக்கு ஈரப்பதன் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கிச் சுவரில் வையுங்கள். 30 முதல் 40 விழுக்காடு வரை இருந்தால் ஆளுக்கும் வீட்டுக்கும் நல்லது. கடுங்குளிர் நாள்களில் யன்னலில் தண்ணீர் வடியத் தொடங்கினால் ஈரப்பதனூட்டியைக் குறையுங்கள், இல்லாவிட்டால் சட்டத்தில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். அடுத்து வரும் பல விடைகளுக்கு இந்தச் சிறு கருவி தேவைப்படும்.

மகள் வீணை படிக்கிறாள், மகன் மிருதங்கம். குளிர்காலத்தில் வெடித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இரண்டும் பலாமரத்தில் செய்தவை; தமிழ்நாட்டின் ஈரக்காற்றில் கடைந்து பொருத்திய மரம், முன் விடையில் சொன்ன உலர்ந்த காற்றில் நீரை இழந்து சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காததால் பிளவு வருகிறது. மிருதங்கத்தின் தோலும் இறுகிச் சுருதி ஏறும். அதன் வலப்பக்கத் தோல்முகமான வலந்தலையின் கறுப்பு மருந்தில் வெடிப்புக் காணும். வீணையில் மெட்டுகள் பதித்த மெழுகும் குளிரில் இறுகி நொறுங்கக்கூடியதாகிவிடுகிறது.

வாத்தியங்கள் இருக்கும் அறையை மட்டும் 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்க முயலுங்கள்; முழு வீட்டையும் அந்த அளவுக்கு ஏற்ற வேண்டாம். வெளிச்சுவரோரம், சூடான காற்று வரும் துளைக்கு எதிர், காரின் பின்பெட்டி ஆகிய மூன்றும் ஆகாத இடங்கள். வகுப்புக்குக் கொண்டுபோய் வந்தால், உறையைத் திறக்காமல் அரை மணித்தியாலமாவது உள்ளே வைத்திருந்து, அறையின் சூட்டுக்கு அது மெதுவாக வந்த பின்னர் திறவுங்கள். கச்சேரிக்குப் போகும் அவசரத்தில் இதை மறந்து, எங்கள் மிருதங்கத்தின் வலந்தலையை ஒரு பெப்ரவரியில் மாற்ற வேண்டியதாயிற்று.

தோசை மா இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை. உளுந்து பழசா?

பெரும்பாலும் உளுந்தில் குற்றமில்லை. மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 பாகை வரை வேண்டும். உங்கள் குசினி 20 பாகையில் இருக்கிறது. அதே மா ஊரில் ஓர் இரவில் பொங்கியது இங்கே ஒரு நாளைக்கு மேல் எடுக்கும். வெதுவெதுப்பான நீரில் அரைத்து, அவணை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். புதிய அவண்களில் உள்ள எல்.இ.டி. விளக்கு சூடு தராது என்பதால் அவற்றில் இது பலிக்காது. அப்போது கொதிநீர் நிறைந்த பாத்திரம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

மா உள்ளே இருக்கும்போது அவண் குமிழில் ஒரு தாளை ஒட்டி ‘மா இருக்கிறது’ என்று எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் பீற்ஸா சூடாக்க வந்தவர் பார்க்காமல் மூட்டியதில் பிளாஸ்ரிக் வாளியும் மாவும் ஒன்றாகிவிட்டன.

வெயில் இல்லாமல் வடகம், மோர் மிளகாய் போட முடியுமா?

முடியும். கோடையைவிடச் சில வேளை நன்றாகவே காயும். வாத்தியத்துக்குப் பகையான அதே உலர்ந்த காற்று வடகத்துக்கு நண்பன். வேப்பம்பூ வடகத்தைச் சிறிதாகவும் தட்டையாகவும் தட்டி, கம்பித்தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி, சூடான காற்று வரும் துளைக்கு அருகில், நேரே மேலே அல்லாமல், வையுங்கள். நாளுக்கு இருமுறை புரட்டினால் மூன்று நாலு நாளில் சொடக்கென்று உடையும். தடிப்பாகத் தட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். மோர் மிளகாயை அவணில் காயவைக்கும் எண்ணம் இருந்தால், யன்னல் பூட்டிய வீடு என்பதை நினைவில் வையுங்கள். முழு வீடும் இருமும். உலர்த்தும் பெட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கராஜில் வைத்து ஓடவிடுவது நல்லது.

கறிவேப்பிலை மரத்தை உள்ளே கொண்டுவந்தேன். இலையெல்லாம் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?

அவசரப்பட்டு எறியாதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெளிச்சம் திடீரென்று குறைந்ததும் இலை உதிர்ப்பது அதன் இயல்பு. இரவு வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும் முன்னரே, அதாவது செப்ரெம்பரில், அதை உள்ளே எடுத்திருக்க வேண்டும். உறைபனி ஒரு தடவை பட்ட மரத்தைக் காப்பாற்றுவது அரிது.

உள்ளே வந்த கறிவேப்பிலையைக் கொல்வது பெரும்பாலும் அன்புதான்: இலை வாடுகிறதே என்று நாளும் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவிடுகிறோம். இரண்டாவது விரல்கணுவரை மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் உரம் வேண்டாம், சாடி மாற்றவும் வேண்டாம். தெற்குப் பார்த்த யன்னல் இல்லாவிட்டால் செடி வளர்க்கும் எல்.இ.டி. விளக்கு ஒன்றை இலைக்கு மேல் ஒரு முழத்துக்குள் தொங்கவிட்டு, நேரக்கட்டுப்பாட்டுச் செருகியில் நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினாலு மணித்தியாலம் எரியவிடுங்கள்.

இலையின் மேற்பரப்பில் வெளிறிய புள்ளிகளும் கொப்புகளுக்கிடையில் நூலாம்படையும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொப்பைத் தட்டுங்கள். தாளில் விழும் தூசி நகர்ந்தால் சந்தேகமில்லை. உலர்ந்த காற்று இதற்கும் நண்பன். சாடியைக் குளியல் தொட்டிக்குள் வைத்து இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரம் கலந்து தெளியுங்கள். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, மூன்று கிழமை. ஒரே தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வந்துவிடும்.

கோடைத் தோட்டத்துக்கு விதையை எப்போது முளைக்க வைப்பது? ஜனவரியிலேயே போட்டால் முந்திக் காய்க்குமா?

காய்க்காது, யன்னலோரம் நெட்டையாக வளர்ந்து மேயில் முறிந்து விழும். இங்கே உறைபனிப் பயம் நீங்குவது மே நடுப்பகுதியில். பழைய தோட்டக்காரர்கள் விக்ரோறியா நாள் விடுமுறைக்குப் பிறகுதான் வெளியே நடுவார்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாயும் கத்தரியும் எட்டிலிருந்து பத்துக் கிழமைக்கு முன், ஆகவே மார்ச் நடுவில். தக்காளி ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்கு முன், மார்ச் கடைசியில். வெண்டி, பாகல், புடோல் ஆகியவற்றுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. மூன்று நாலு கிழமைக்கு முன் மட்டும், சாடியோடு நடக்கூடிய கடதாசிக் கோப்பையில் போடுங்கள். பாகல் விதையின் முனையை நகவெட்டியால் சற்றுக் கிள்ளி ஓர் இரவு ஊறவைத்தால் விரைவில் முளைக்கும்.

மிளகாய் விதைக்கு முளைக்கும்வரை வெளிச்சத்தைவிடச் சூடுதான் தேவை, 25 பாகைக்கு மேல். தோசை மாவுக்குச் சொன்ன அவண் விளக்கு இதற்கும் உதவும். முளைத்த அன்றே விளக்கின் கீழ் மாற்றிவிடுங்கள். கறிவேப்பிலைக்குப் பூட்டிய விளக்கின் கீழ் இடமிருக்கும்.

தமிழ்நாட்டில் மார்கழி முழுவதும் வாசலில் கோலம் போடுவேன். இங்கே வாசலில் பனியும் உப்பும்தான் கிடக்கின்றன. என்ன செய்வது?

பக்கத்து வீட்டு அம்மா கேட்ட கேள்வி இது. வெண்பனியில் அரிசிமாவு எப்படித் தெரியும் என்று அவரே சிரித்துக்கொண்டார். கறுப்பு அட்டையில் வெள்ளைப் பேனாவால் நாளுக்கு ஒரு சிக்குக் கோலம் போட்டுத் தேதி எழுதி வைக்கச் சொன்னேன். தை பிறக்கும்போது முப்பது கோலம் கொண்ட ஒரு தொகுப்பு அவரிடம் இருந்தது. கணிதம் படிக்கும் பேரப்பிள்ளை இருந்தால் கூட அமர்த்துங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இணைந்து ஆய்ந்தவர்களும் 1970களில் கோலங்களின் வளைவுகளைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் திரையை விட்டு எழும்ப மாட்டார்கள். அவர்களுக்கு எது பிடிக்கும்?

‘திரையை விடு’ என்று சொல்லி எதையும் தொடங்காதீர்கள். யன்னலுக்கு வெளியே ஏதாவது நடக்கச் செய்யுங்கள். பறவைத் தீனிக்கூடு ஒன்றைத் தொங்கவிட்டு, கறுப்புச் சூரியகாந்தி விதை போட்டால், செக்கச் சிவந்த கார்டினலும், தலையில் கறுப்புத் தொப்பி வைத்த சிக்கடியும், தரையில் பொறுக்கும் ஜங்கோவும் சில நாளில் வரத் தொடங்கும். கூட்டைக் கண்ணாடியிலிருந்து ஒரு மீற்றருக்குள் தொங்கவிடுங்கள். அந்தக் குறுகிய தூரத்தில் பறவை வேகமெடுத்து மோதாது. எண்ணி எழுதும் பழக்கம் வந்துவிட்டால் ‘புரொஜெக்ற் ஃபீடர்வாட்ச்’ கணக்கெடுப்பில் சேரலாம். 1976இல் ஒன்ராறியோவின் லோங் பொயின்ற் பறவை ஆய்வு நிலையத்தில் தொடங்கி இன்று கண்டம் முழுவதும் நடக்கும் இந்தக் கணக்கெடுப்பு, நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. கொண்டோவில் இருப்பவர்கள் பல்கனியில் கூடு தொங்கவிட அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள், பல கட்டடங்களில் இல்லை.

இன்னொன்று பனித்துகள் பார்ப்பது. கறுப்புக் கம்பளித் துணி ஒட்டிய அட்டையை வெளியே வைத்துக் குளிரவிட்டு, பனி விழும்போது அதில் ஏந்தி, உருப்பெருக்கியால் பாருங்கள். மூச்சுப் பட்டால் உருகிவிடும். குளிர் சுமார் சைபருக்குக் கீழே 15 பாகை இருக்கும் இடத்தில் உருவான துகள்கள் ஆறு கிளை விரித்த நட்சத்திரமாக இருக்கும்; சைபருக்குக் கீழே 5 பாகையை ஒட்டி உருவானவை ஊசிகளாக இருக்கும். அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரின் விவசாயி வில்சன் பென்ற்லி 1885 ஜனவரி 15இல் பனித்துகள் ஒன்றை முதன்முதலாகப் படம்பிடித்தபோது அவருக்கு வயது 19. பிறகு ஐயாயிரத்துக்கு மேல் படங்கள் எடுத்தார். கைத்தொலைபேசியில் ஒட்டும் சிறு வில்லை ஒன்று வாங்கிக் கொடுத்தால், விடச் சொன்ன அதே திரையை வைத்துப் பிள்ளை அந்த வேலையைச் செய்யும்.

அம்மாவுக்கு 78 வயது. ரீவியைத் தவிர ஒன்றுமில்லை. கண்ணும் சற்று மங்கல். அவருக்கு என்ன பொழுதுபோக்கு?

அவருக்குத்தான் எல்லாரையும்விடப் பெறுமதியான வேலை இருக்கிறது: பழைய படங்களில் நிற்பவர்கள் யார் என்று சொல்வது. படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வருடி, பெரிய திரையில் காட்டி, ‘இது யார், எந்த வீடு, யாருடைய கலியாணம்’ என்று கேட்டு, அவர் சொல்வதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு மாலைக்கு ஐந்து படம் போதும். அதற்கு மேல் போனால் களைப்பு, சில படங்களில் அழுகையும் வரும். போரில் வீட்டையே விட்டுவிட்டு வந்தவர்களிடம் மிஞ்சிய படங்கள் அல்லவா. ஒட்டும் பக்கங்கள் கொண்ட அல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பல்லிடுக்குத் துப்புரவு நூலைப் பின்னால் நுழைத்து மெதுவாக அறுத்தெடுங்கள். பெயரைப் படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சில் மட்டும்.

ஊர் மலர், கோவில் மலர், கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) போன்றவை வீட்டில் கிடந்தால், 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் அவை ஏற்கெனவே இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு அறிவியுங்கள்.

பேஸ்மென்ற் சுவருக்கு நிறம் பூசி, கூரையில் பொருக்காக இருப்பதைச் சுரண்டி எடுக்கப் போகிறேன். குளிர்காலத்தில் செய்யலாமா?

நிறம் பூசலாம். நீரில் கரையும், மணம் குறைந்த வகையாக வாங்கி, ஓர் அறையாக முடித்து, நடுப்பகலில் யன்னலைச் சற்றுத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து ஓடவிடுங்கள். சுவரின் சூடு 10 பாகைக்குக் கீழே இருந்தால் நிறம் சரியாகப் பிடிக்காது, ஆகவே சூடில்லாத கராஜை வசந்தத்துக்கு விடுங்கள்.

கூரையைச் சுரண்டுவது வேறு விடயம். 1990க்கு முன்னர் கட்டிய வீடுகளின் பொருக்குக் கூரையில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். 1960க்கு முன்னர் கட்டிய வீடுகளின் பழைய நிறப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூசி வீடெங்கும் பரவும். பூட்டிய வீட்டில் சூடாக்கும் இயந்திரம் அதையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். மாதிரி ஒன்றை ஆய்வுகூடத்தில் சோதித்த பின்னர்தான் கையை வையுங்கள். வீட்டின் வயது தெரியாவிட்டால் தொடவே வேண்டாம்.

எதைத் தொடங்கினாலும் மனம் பிடிக்கவில்லை. பகலிலும் நித்திரை. பொழுதுபோக்கு இதை மாற்றுமா?

கொஞ்சம் மாற்றலாம், முழுவதும் அல்ல. பகல் சுருங்கும் பருவத்தில் வரும் மனச்சோர்வை 1984இல் நோர்மன் றோசந்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் மருத்துவ ஆய்வாக விவரித்தார்கள். அது சோம்பல் இல்லை, நோய்நிலை. காலையில் அரை மணித்தியாலம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் இருப்பது பலருக்கு உதவுகிறது. கண் நோயுள்ளவர்களும் மனநிலை மருந்து எடுப்பவர்களும் விளக்கை வாங்கும் முன் குடும்ப மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே தொடர்ந்தால், விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

மின்சாரம் நின்றுவிட்டால்?

2013 டிசெம்பரில் உறைமழை கொட்டி ரொறன்ரோவில் சுமார் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. சில தெருக்களுக்கு நத்தார் கழிந்த பிறகே வெளிச்சம் வந்தது. அந்த இரவுகளில் எங்களைக் காப்பாற்றியவை மின்கல விளக்கும், கரம் பலகையும், அப்போதுதான் பாதி தைத்திருந்த ஒரு சேலைப் போர்வையும்தான். குளிருக்காகக் கரியடுப்பையோ முகாம் அடுப்பையோ ஒருபோதும் வீட்டுக்குள் மூட்டாதீர்கள், கராஜுக்குள்ளும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. அதைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தை, மணிக்கூட்டை மாற்றும் நவம்பர் ஞாயிறன்றே மாற்றிவிடுங்கள்.

மார்ச் வந்துவிட்டது, போர்வை பாதியில் நிற்கிறது. என்ன செய்வது?

தையலை ஒரு கோட்டின் முடிவில் நிறுத்துங்கள். குண்டூசிகளைக் கழற்றி, அவை இருந்த இடங்களில் நீளமான தளர்ந்த தையல் போட்டு விடுங்கள். கோடைக்குள் ஊசி துருப்பிடித்துத் துணியில் கறை விடும். பின்னல் வேலையென்றால் ஊசியை உருவிவிட்டுக் கண்ணிகளை வேறு நிற நூலில் கோத்துவையுங்கள். எத்தனையாவது கோடு, எந்த நிற நூல், எந்த இலக்க ஊசி என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போட்டு, பழைய தலையணை உறைக்குள் வைத்துக் கட்டுங்கள். நான் இந்தத் துண்டு எழுதாமல் வைத்த ஒரு சால்வை, எந்த ஊசி என்று தெரியாமல் மூன்று குளிர்காலமாக அலுமாரியில் இருக்கிறது.